ராக்கி லினக்ஸ் 9 சர்வரில் கேடம்ப் அமைப்பது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

இரவில் உறைந்து நின்ற ஒரு லினக்ஸ் சர்வரை யாரோ மறுதொடக்கம் செய்திருப்பார்கள். காலையில் பதிவுக் கோப்புகளைத் திறந்தால், கடைசி வரி ஏதோ ஒரு வழக்கமான செய்தியாகவும், அதற்கு அடுத்த வரி புதிய தொடக்கத்தின் முதல் செய்தியாகவும் இருக்கும். இடையில் நடந்தது எதுவும் பதிவாகியிருக்காது. லினக்ஸின் மையக் கருவான கெர்னல், மீள முடியாத பிழையால் நின்றுவிடும் பேனிக் நிலைக்குப் போனவுடன், செய்திகளை வட்டில் எழுதும் நிரல்கள் உட்பட எல்லாமே நின்றுவிடுவதுதான் இதற்குக் காரணம். அந்த நொடியில் நினைவகத்தில் இருந்தவற்றை அப்படியே கோப்பாகச் சேமித்துத் தருவதற்காக உருவான ஏற்பாடுதான் கேடம்ப். 2005ஆம் ஆண்டில் வெளியான லினக்ஸ் 2.6.13 பதிப்பிலிருந்து இது கெர்னலின் ஒரு பகுதியாகவே இருந்து வருகிறது.

இந்த விளக்கம் ராக்கி லினக்ஸ் 9ஐ அடிப்படையாகக் கொண்டது. ஆல்மாலினக்ஸ் 9, ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 ஆகியவற்றுக்கும் இதே படிகள் பொருந்தும். உபுண்டுவில் பொதிகளின் (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்புகளின்) பெயர்களும் கோப்புப் பெயர்களும் வேறு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளிகளும் சாய்கோடுகளும் இங்கே உள்ளபடியே இருக்கத் தட்டச்சு செய்ய வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடத்தில் அதைக் குறிப்பிடுகிறேன். எல்லாக் கட்டளைகளையும் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக இருந்தே இயக்க வேண்டும் என்பதால், முதலில் "சூடோ -ஐ" என்று கொடுத்து உள்ளே செல்லுங்கள்.

இது எவ்வாறு வேலை செய்கிறது

நிலைகுலைந்துவிட்ட கெர்னலை நம்பி எதையும் வட்டில் எழுதச் சொல்ல முடியாது. அதன் தரவு அமைப்புகளே சிதைந்திருக்கக்கூடும் என்பதால், எழுதப் போய் நல்ல கோப்புகளையும் அது கெடுத்துவிடலாம். அதனால் கேடம்ப் இரண்டாவது கெர்னல் ஒன்றைப் பயன்படுத்துகிறது. சர்வர் தொடங்கும்போதே நினைவகத்தின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு, அதில் இந்த இரண்டாவது கெர்னல் ஏற்றி வைக்கப்படும். முதல் கெர்னல் பேனிக் ஆனதும், கேஎக்ஸெக் என்னும் வசதியின் வழியாக, கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் நிலைக்குத் திரும்பாமலேயே கட்டுப்பாடு நேரடியாக இரண்டாவதற்குத் தாவுகிறது. பயாஸ் வழியாகப் போனால் நினைவகம் அழிந்துவிடும் என்பதால் இந்தத் தாவல்தான் முழு ஏற்பாட்டுக்கும் உயிர். இரண்டாவது கெர்னல் எழுந்ததும், பழைய நினைவகம் "/ப்ராக்/விஎம்கோர்" என்ற கோப்பாக அதற்குத் தெரிகிறது. மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி அதைச் சுருக்கி வட்டிலோ வலையமைப்பிலோ எழுதி முடித்ததும் சர்வர் வழக்கம்போல மறுதொடக்கமாகிறது.

ஒதுக்கப்பட்ட நினைவகத்தை அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்த முடியாது. வீணாகிறதே என்று சிலர் அதைக் குறைத்துவிடுகிறார்கள். தாகம் எடுத்த பிறகு கிணறு தோண்ட முடியாது என்பதை அவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

படி 1: பொதியை நிறுவுதல்

"ஆர்பிஎம் -கியூ கேஎக்ஸெக்-டூல்ஸ்" என்று கொடுத்து, பொதி ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் "டிஎன்எஃப் இன்ஸ்டால் கேஎக்ஸெக்-டூல்ஸ்" போதுமானது. மேக்டம்ப்ஃபைலும் இதனுடனேயே வந்துவிடும்.

படி 2: நினைவகத்தை ஒதுக்குதல்

அமைப்பில் தவறு நேர்வது பெரும்பாலும் இந்தப் படியில்தான் என்பதால், இதை அவசரப்படாமல் செய்யுங்கள். ஒதுக்கீட்டின் அளவைக் கெர்னலின் தொடக்க அளவுருவான "க்ராஷ்கெர்னல்" தீர்மானிக்கிறது. முந்தைய 8ஆம் பதிப்பில் இதற்கு "ஆட்டோ" என்று எழுதினால் போதும். 9இல் அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டதால், இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் ஒதுக்கீடே நடக்காது. பரிந்துரைக்கப்படும் அளவை அறிய "கேடம்ப்சிடிஎல் கெட்-டிஃபால்ட்-க்ராஷ்கெர்னல்" என்று கேளுங்கள். சாதாரண இன்டெல், ஏஎம்டி கணினிகளில் "1ஜி-4ஜி:192எம்,4ஜி-64ஜி:256எம்,64ஜி-:512எம்" என்பது போன்ற விடை வரும். மொத்த நினைவகம் 1 முதல் 4 ஜிபி வரை இருந்தால் 192 எம்பி, 4 முதல் 64 ஜிபி வரை இருந்தால் 256 எம்பி, அதற்கு மேல் 512 எம்பி ஒதுக்க வேண்டும் என்பது இதன் பொருள். 1 ஜிபிக்கும் குறைவான நினைவகம் கொண்ட சிறிய மெய்நிகர் கணினியில் எதுவும் ஒதுக்கப்படாது.

இந்த அளவையே ஏற்க "கேடம்ப்சிடிஎல் ரீசெட்-க்ராஷ்கெர்னல் --கெர்னல்=ஆல்" என்று கொடுங்கள்; கடைசியில் உள்ள "ஆல்" மட்டும் பேரெழுத்தில் இருக்க வேண்டும். பிறகு சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் புதிதாக ஒதுக்கீடு செய்ய முடியாது என்பதால் இந்த மறுதொடக்கத்தைத் தவிர்க்க வழியில்லை.

மீண்டும் உள்நுழைந்ததும் "கேட் /சிஸ்/கெர்னல்/கேஎக்ஸெக்_க்ராஷ்_சைஸ்" என்று பாருங்கள். விடை பைட்டுகளில் வரும்: 268435456 என்றால் 256 எம்பி, 201326592 என்றால் 192 எம்பி. வெறும் 0 வந்தால் ஒதுக்கீடு நடக்கவில்லை. "கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்" கட்டளையின் விடையில் க்ராஷ்கெர்னல் அளவுரு இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 3: எங்கே, எவ்வளவு எழுதுவது

அமைப்புக் கோப்பு "/ஈடிசி/கேடம்ப்.கான்ஃப்". இதில் எதையும் மாற்றாவிட்டால் "/வார்/க்ராஷ்" அடைவில் எழுதப்படும். "டிஎஃப் -எச் /வார்/க்ராஷ்" என்று கொடுத்து அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். "/வார்" தனிப் பகிர்வாகவும் சிறியதாகவும் இருக்கும் சர்வர்களில், எழுதும் வேலை பாதியில் நின்று "விஎம்கோர்-இன்கம்ப்ளீட்" என்ற பெயருடன் அரைகுறைக் கோப்புதான் மிஞ்சும். அப்படியென்றால் "பாத்" என்ற வரியை மாற்றி, இடம் உள்ள அடைவைச் சுட்டுங்கள்.

அதே கோப்பில் "கோர்_கலெக்டர் மேக்டம்ப்ஃபைல் -எல் --மெசேஜ்-லெவல் 7 -டி 31" என்றொரு வரி இருக்கும். இதில் உள்ள 31 ஐந்து எண்களின் கூட்டுத்தொகை. வெறும் பூச்சியங்கள் நிறைந்த பக்கங்களுக்கு (நினைவகத்தின் சிறு துண்டுகளுக்கு) 1, கோப்புத் தற்காலிகப் பக்கங்களில் இரு வகைகளுக்கு 2, 4, பயனர் நிரல்களின் தரவுக்கு 8, யாருக்கும் ஒதுக்கப்படாத பக்கங்களுக்கு 16 என்ற கணக்கில், இவை அனைத்தையும் விட்டுவிடு என்று அது சொல்கிறது. எஞ்சுவது கெர்னலுக்குரிய பக்கங்கள் மட்டுமே என்பதால், பெரிய நினைவகம் உள்ள சர்வரிலும் கோப்பு கையாளக்கூடிய அளவில் அமைகிறது. கெர்னல் கோளாறை ஆராய இது போதும். தரவுத்தள நிரலின் நினைவகத்தையும் பார்க்க வேண்டும் என்று 8ஐ நீக்கி 23 என்று மாற்றுவோர், அந்த நிரல் வைத்திருக்கும் கடவுச்சொற்களும் வாடிக்கையாளர் விவரங்களும் சேர்ந்தே கோப்புக்குள் வரும் என்பதை அறிந்தே செய்ய வேண்டும்.

உள்ளூர் வட்டையே நம்ப முடியாத நிலையில், அதாவது சேமிப்பக டிரைவரே சந்தேகத்துக்குரியதாக இருக்கும்போதோ, வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும்போதோ, வேறொரு சர்வருக்கு அனுப்புவதே மேல். குறியாக்கம் செய்த வட்டைத் திறக்க இரண்டாவது கெர்னலுக்குக் கூடுதல் நினைவகமும் கடவுச்சொல்லும் தேவைப்படுவதால், அங்கே இயல்பான ஒதுக்கீடு பெரும்பாலும் போதாது. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலைஇணைப்பு வழியாக வெளியே அனுப்ப, "எஸ்எஸ்எச்" என்ற வரியில் பயனர் பெயரையும் சர்வர் முகவரியையும், "எஸ்எஸ்எச்கீ" என்ற வரியில் சாவிக் கோப்பின் இடத்தையும் தந்து, கோர்_கலெக்டர் வரியில் "-எஃப்" என்ற தெரிவைப் பேரெழுத்தில் சேர்க்க வேண்டும். அதன்பின் "கேடம்ப்சிடிஎல் ப்ராபகேட்" என்று கொடுத்தால் சாவி மறுமுனைக்குச் சென்று சேரும்.

படி 4: சேவையை இயக்குதல்

"சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் கேடம்ப்" என்று கொடுங்கள். சேவை ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால், அமைப்புக் கோப்பின் மாற்றங்களை ஏற்க "சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கேடம்ப்" தேவை. இரண்டாவது கெர்னலுக்கான தொடக்கக் கோப்பு "/பூட்" அடைவில் புதிதாக உருவாவதால் முதல் முறை சற்று நேரமாகும். பிறகு "கேடம்ப்சிடிஎல் ஸ்டேட்டஸ்" என்று கேட்டால், கேடம்ப் இயங்கும் நிலையில் இருக்கிறது என்ற பொருளில் "ஆபரேஷனல்" என்ற சொல் விடையில் வர வேண்டும். ஒதுக்கீடு போதுமா என்று தெரிந்துகொள்ள "கேடம்ப்சிடிஎல் எஸ்டிமேட்" உதவும். அது பரிந்துரைக்கும் அளவு உங்கள் ஒதுக்கீட்டைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

படி 5: எப்போது பேனிக் ஆக வேண்டும்

கேடம்ப் பேனிக் நேரும்போது மட்டுமே செயல்படும். பேனிக் ஆகாமல் வெறுமனே உறைந்து நிற்கும் சர்வரை அது கண்டுகொள்ளாது. ஒரு சிபியு 20 நொடிகளுக்கு மேல் கெர்னலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் பேனிக் ஆகும்படி செய்ய, "/ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி" அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி "கெர்னல்.சாஃப்ட்லாக்அப்_பேனிக்=1" என்று எழுதி, "சிஸ்சிடிஎல் --சிஸ்டம்" கட்டளையால் ஏற்றுங்கள். "கெர்னல்.ஹங்_டாஸ்க்_பேனிக்=1" என்ற அமைப்பும் உண்டு. ஆனால் அது குறுக்கிட முடியாத நிலையில் 120 நொடிகளுக்கு மேல் காத்துக் கிடக்கும் எந்தச் செயல்முறைக்காகவும் சர்வரையே வீழ்த்திவிடும். மெதுவான வலைச் சேமிப்பகத்தை நம்பியிருக்கும் சர்வரில் இதை வைக்காமல் இருப்பதே என் பரிந்துரை.

படி 6: வேண்டுமென்றே வீழ்த்திச் சோதித்தல்

சேவை பச்சை நிறத்தில் காட்டுவதை மட்டும் நம்பி இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது கெர்னல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அந்த நிலை உறுதி செய்கிறது. அது உண்மையில் எழுமா, வட்டைக் கண்டுகொள்ளுமா, நினைவகம் போதுமா என்பதெல்லாம் ஒரு முறை வீழ்த்திப் பார்த்தால்தான் தெரியும். சர்வரைப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவதுதான் எளிது. பிறகு என்றால் பராமரிப்பு நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

தரவுத்தளம் போன்றவற்றை முறையாக நிறுத்துங்கள். சர்வரின் நேரடித் திரையான கன்சோலைத் திறந்து வையுங்கள். எஸ்எஸ்எச் இணைப்பு உடனே அறுந்துவிடும் என்பதால் அதில் எதுவும் தெரியாது. "சிங்க்" கட்டளையால் வட்டில் எழுத வேண்டியவற்றை எழுதி முடித்துவிட்டு, பின்வருமாறு கொடுங்கள்:

எக்கோ சி > /ப்ராக்/சிஸ்ஆர்கியூ-ட்ரிகர்

இதற்கு முன்னால் சூடோ சேர்த்தால் வேலை செய்யாது. அம்புக்குறிக்குப் பின்னால் உள்ள கோப்பைத் திறப்பது உங்கள் கட்டளைகளை ஏற்கும் சாதாரண ஷெல் என்பதால் அனுமதி மறுக்கப்படும். ரூட் பயனராகவே இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

திரையில் பேனிக் செய்தி ஓடி, சில நொடிகளில் புதிய கெர்னலின் தொடக்கச் செய்திகளும், எழுதுதலின் விழுக்காட்டு அளவும் தோன்ற வேண்டும். பெரிய சர்வர்களில் இது பல நிமிடங்கள் எடுக்கலாம். பொறுமையிழந்து பவர் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். இரண்டாவது கெர்னல் எழும்போதே நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டால் ஒதுக்கீட்டைக் கூட்ட வேண்டும். வட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் மறுதொடக்கமானால், கேடம்ப்.கான்ஃப் கோப்பில் "ஃபெயிலியர்_ஆக்ஷன் ஷெல்" என்று எழுதி மீண்டும் சோதியுங்கள். தோல்வி நேரும் இடத்திலேயே கட்டளை வரி திறந்து, என்ன இல்லை என்று நேரில் பார்க்க முடியும்.

படி 7: கிடைத்ததைப் படித்தல்

"/வார்/க்ராஷ்" அடைவில் 127.0.0.1 என்று தொடங்கி, தேதியும் நேரமும் சேர்ந்த பெயருடன் ஓர் அடைவு உருவாகியிருக்கும். அதில் விஎம்கோர் என்பதுதான் நினைவகப் படிமம். தொடக்கநிலையினர் முதலில் திறக்க வேண்டியது "விஎம்கோர்-டிமெசேஜ்.டிஎக்ஸ்டி" என்று ஒலிக்கும் சிறிய உரைக் கோப்பை, கட்டளை வரியில் இந்தப் பெயரின் நடுப்பகுதியை டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்து எழுத்துகளாகவே எழுத வேண்டும். கெர்னலின் கடைசிச் செய்திகள் அனைத்தும் அதில் இருக்கும். எந்தச் செயல்முறை ஓடியது, எந்தச் செயற்கூற்றில் விழுந்தது, அப்போதிருந்த கெர்னல் பதிப்பு எது என்பவற்றை அதன் கடைசிப் பகுதியிலேயே காணலாம். பல கோளாறுகளுக்கு இதுவே போதும்.

இன்னும் ஆழமாகப் போக "டிஎன்எஃப் இன்ஸ்டால் க்ராஷ்" என்று கருவியை நிறுவி, "டிஎன்எஃப் டீபக்இன்ஃபோ-இன்ஸ்டால் கெர்னல்" என்பதுடன் பதிப்பு எண்ணையும் சேர்த்துக் குறியீட்டுத் தகவலைப் பெறுங்கள். விழுந்த கெர்னலின் பதிப்பு எண் இங்கே தேவை. இடையில் புதுப்பித்திருந்தால் இப்போது ஓடும் கெர்னல் வேறாக இருக்கும், க்ராஷ் கருவியும் ஏற்க மறுக்கும். இந்தப் பொதி மிகப் பெரியது என்பதால், விஎம்கோரை வேறொரு கணினிக்கு நகலெடுத்து அங்கே ஆராய்வது நல்லது. கருவிக்குள் "லாக்" செய்திகளையும், "பிடி" விழுந்த இடத்துக்கு இட்டுச் சென்ற அழைப்புகளையும், "பிஎஸ்" அப்போதிருந்த செயல்முறைகளையும், "மாட் -டி" கெர்னலுடன் வராத வெளி மாட்யூல்கள் ஏதேனும் ஏற்றப்பட்டிருந்ததா என்பதையும் காட்டும்.

சோதனைக்காக உருவான அடைவைப் பிறகு அழித்துவிடுங்கள். பழைய படிமங்களைக் கேடம்ப் தானாக நீக்காது. உண்மையான படிமத்தை ஆதரவுக் குழுவுக்கு அனுப்ப நேர்ந்தால், 31 என்ற வடிகட்டலுக்குப் பிறகும் கெர்னல் நினைவகத்தில் குறியாக்கச் சாவிகள் மிஞ்சியிருக்கலாம் என்பதால், பாதுகாப்பான வழியில் மட்டுமே அனுப்புங்கள்.