யார் பேசுகிறார் என்பதை விடுங்கள், என்ன கேட்கிறார் என்று பாருங்கள்

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நம் கண் முதலில் போவது திரையில் தெரியும் பெயருக்குத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ட்ரூகாலர் போன்ற செயலிகள் காட்டும் பெயர், பிறர் அந்த எண்ணை எப்படிச் சேமித்தார்கள், எண்ணுக்கு உரியவர் தன்னை எப்படிப் பதிந்துகொண்டார் என்பதைப் பொறுத்தது. 'வங்கி மேலாளர்' என்று யாரும் பெயர் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் காக்கிச் சட்டைப் படம் வைப்பது அதைவிட எளிது.

அடுத்த தவறு எல்லைப்புறத்துக்கே உரியது. கேரள-தமிழ்நாடு எல்லையில் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கம் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். தாலூகா அலுவலகத்தில் சொல் கிடைக்காமல் திணறும் மனிதருக்குத் தொலைபேசியில் சரளமான தமிழ் கேட்டால் பாதி சந்தேகம் போய்விடுகிறது. மோசடிக்காரர்கள் மொழிக்கேற்ற ஆளை வைத்துத்தான் பேசுகிறார்கள். பெயர், முகவரி, ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றைச் சரியாகச் சொன்னாலும் அது அடையாளம் ஆகாது. நாம் கடைக்குக் கடை கொடுத்த நகல்கள் எங்கெல்லாம் போயிருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்?

மின்கட்டண மோசடியையே எடுத்துக்கொள்ளுங்கள். "அம்மா, கரண்ட் ஆபீசிலிருந்து பேசுகிறேன். போன மாதப் பில் பதிவாகவில்லை, இன்றிரவு ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்" என்று குரல் வரும். வீடு கேரளத்திலும் தோப்பு தமிழ்நாட்டிலும் இருப்பவருக்கு இரண்டு இணைப்புகள் உண்டு. எந்த மின்வாரியம் என்று கேளுங்கள். கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி. என்றால், நுகர்வோர் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். பில்லில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணுக்குப் பதின்மூன்று இலக்கங்கள். பெரும்பாலும் அவர் அதை உங்களிடமே கேட்பார். சரியாகச் சொல்லிவிட்டாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பில்லில் உள்ள செக்‌ஷன் ஆபீஸ் எண்ணுக்கோ மின்வாரியப் புகார் எண்ணான 1912-க்கோ நீங்களே பேசுங்கள். இரவு ஒன்பதரைக்கு ஃபியூஸ் பிடுங்க ஆள் அனுப்பும் அளவுக்கு எந்த மின்வாரியமும் சுறுசுறுப்பானது இல்லை.

முதியோர் ஓய்வூதியத்துக்கு மஸ்டரிங் (பயனாளி உயிரோடிருப்பதைச் சரிபார்க்கும் பதிவு) முடியவில்லை, ஓ.டி.பி. சொன்னால் முடித்துவிடுகிறோம் என்று பேசினாலும் இதே கதைதான். மஸ்டரிங் நடப்பது அரசு இணையச் சேவைகள் தரும் அக்‌ஷயா மையத்தில், விரல்ரேகை வைத்து. தொலைபேசியில் முடிகிற வேலை அல்ல அது.

திரும்ப அழைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குறுஞ்செய்தியில் வந்த எண்ணுக்கே பேசுவார்கள். அல்லது கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி முதலில் கண்ட எண்ணைப் பிடிப்பார்கள். அங்கேயும் போலி எண்கள் உண்டு. ஏ.டி.எம். அட்டையின் பின்புறமும் பாஸ்புக்கும் இருக்கும்போது தேடல் எதற்கு? வங்கிகள் சேவை அழைப்புக்கு 1600 என்றும், விளம்பர அழைப்புக்கு 140 என்றும் தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து 'தலைமை அலுவலகம்' பேசினால் அதுவே போதுமான எச்சரிக்கை.

கூரியர்காரரைத் தொடர்புகொள்ள நட்சத்திரக் குறியுடன் ஓர் எண்ணை அழுத்தச் சொல்வது இன்னொரு வலை. அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் மோசடிக்காரருக்குத் திரும்பிவிடும், ஓ.டி.பி. சொல்லும் அழைப்பும் அதில் அடக்கம். அழுத்திவிட்டீர்கள் என்றால் உடனே ##002# போட்டு ரத்து செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் 'போக்குவரத்து அபராதம்' என்று வரும், கைபேசியில் செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பைத் திறக்கவே கூடாது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் தேவையில்லை, கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள்.

போலீஸ் வேடத்தில் வீடியோ அழைப்பில் வந்து மிரட்டுகிறார்களே, அந்த 'டிஜிட்டல் கைது' என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்ய முடியாது. ஆனால் இதில் மாட்டுகிறவர்களில் படித்தவர்கள் ஏராளம், ஏனென்றால் அவர்கள் வாதாடி வெல்லப் பார்க்கிறார்கள். வாதாடும் ஒவ்வொரு நிமிடமும் மறுமுனைக்குத்தான் சாதகம். அவனைக் கிண்டலடித்துப் பொழுதுபோக்குவதும் வேண்டாம், பேசாமல் துண்டித்துவிடுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தெரியாத எண் எதையும் எடுப்பதில்லை என்று சிலர் சபதம் எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளையின் பள்ளியும், மருத்துவமனையும், விபத்தில் சிக்கிய உறவினருக்காகப் பேசும் வழிப்போக்கரும் தெரியாத எண்ணிலிருந்துதான் அழைப்பார்கள். எடுப்பதால் பணம் போவதில்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைப்பதுதான் பெரிய நஷ்டம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் மீளும். பரிவர்த்தனை எண், அழைத்த எண், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். "பணம் போனது பொள்ளாச்சிக் கிளையிலிருந்து, நீங்கள் பாலக்காடு மாவட்டம்" என்று யாராவது அலைக்கழித்தால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவைச் சொல்லுங்கள்; குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது அது. பணம் எதுவும் இழக்காமல் தப்பியவர்கள், அந்த எண்ணை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்‌ஷு' பகுதியில் பதிவு செய்யலாம்.