நீருக்கடி த்ரஸ்டரின் வேகக் கட்டுப்படுத்தியில் மின்னழுத்த எழுச்சி: கண்டறிந்து சரிசெய்யும் முறை

ஆர்.ஓ.வி. எனப்படும் நீருக்கடி ஊர்தியை முழு வேகத்தில் முன்னோக்கிச் செலுத்திவிட்டுச் சட்டென்று பின்னோக்கித் திருப்பும்போது, அதன் த்ரஸ்டர் (நீரைத் தள்ளி ஊர்தியை நகர்த்தும் சுழலி மோட்டார்) ஒன்றின் வேகக் கட்டுப்படுத்தி (இ.எஸ்.சி.) செயலிழந்துபோவதோ, ஊர்தி முழுவதுமே அணைந்துபோவதோ உண்டு. உடனே 'வோல்டேஜ் ஸ்பைக்' என்று முடிவு கட்டி, மிகை மின்னழுத்தத்தை வெட்டும் டி.வி.எஸ். டயோடு ஒன்றைக் கையில் கிடைத்தபடி பற்றவைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆனால் அந்தப் பெயரால் குறிப்பிடப்படுபவை காரணத்திலும் கால அளவிலும் வேறுபட்ட நான்கு நிகழ்வுகள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. எனவே உதிரிபாகம் வாங்குவதற்கு முன், எழுச்சி எத்தனை மைக்ரோ நொடி அல்லது மில்லி நொடி நீடிக்கிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, பலரும் பயன்படுத்தும் ப்ளூ ரோபாட்டிக்ஸ் டி200 த்ரஸ்டரையும் அதே நிறுவனத்தின் பேசிக் இ.எஸ்.சி.யையும் எடுத்துக்கொள்வோம். த்ரஸ்டருக்கு உரிய மின்னழுத்தம் 7 முதல் 20 வோல்ட் வரை. கட்டுப்படுத்தி 26 வோல்ட் வரை தாங்கும். நான்கு செல் லித்தியம் பேட்டரி முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையில் 16.8 வோல்ட் தரும். இந்த எண்களுக்கு இடையிலான இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு.

எழுச்சியா, சரிவா?

த்ரஸ்டரை முடுக்கும் கணத்தில் கட்டுப்படுத்தி அணைந்து, தொடக்க ஒலியுடன் மீண்டும் உயிர்பெறுமானால், அது பெரும்பாலும் மின்னழுத்தச் சரிவு. தளர்ந்த இணைப்பானும் மெல்லிய கம்பியும் மூப்படைந்த பேட்டரியும்தான் அதற்கான வழக்கமான காரணங்கள். எழுச்சியோ பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கும்போதும், திசையை மாற்றும்போதும், மின்சாரத்தை முதலில் இணைக்கும்போதும் தோன்றும். எந்தக் கணத்தில் கோளாறு நேர்ந்தது என்று எழுதிவைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பாதி விடை அதிலேயே இருக்கும்.

அளக்கும் முறை

மல்டிமீட்டரில் இது தெரியாது. நொடிக்குச் சில முறை மட்டுமே பதிவுசெய்யும் ஊர்தியின் மின்னழுத்தக் குறிப்பேட்டிலும் தெரியாது. மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப் தேவை. அதன் அளவுமுனையான புரோபை 10 மடங்கு நிலையில் வைத்து, கட்டுப்படுத்தியின் மின் உள்ளீட்டுத் தகடுகளிலேயே நேரடியாகத் தொட வேண்டும். அரை மீட்டர் தள்ளி, பேட்டரி முனையில் அளந்தால் எழுச்சியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தப்பிவிடும். பதிவு தொடங்கும் அளவான டிரிக்கரை ஒற்றைப் பதிவு நிலையில், வழக்கமான மின்னழுத்தத்தைவிட 2 வோல்ட் உயர்த்தி வைக்கவும். ஆஸிலாஸ்கோப்பின் தரைக் கிளிப் சுவர் மின்சாரத்தின் எர்த்துடன் இணைந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அதை நேர்மின் கம்பியில் தவறிப் பொருத்தினால், எர்த்துடன் தொடர்புள்ள மின்வழங்கியோ மடிக்கணினியோ சுற்றில் இருக்கும் நிலையில் நேரடிக் குறுக்குச்சுற்று ஏற்படும்.

புரோபின் நீண்ட தரைக் கம்பியும் ஒரு ஏமாற்றுக்காரன். ஒருமுறை 30 வோல்ட் உயர முட்கள் திரையில் வரிசையாகத் தெரிந்ததைக் கண்டு இரண்டு நாள் கெப்பாசிட்டர்களை மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு புரோபின் முனையையும் தரைக் கிளிப்பையும் ஒரே எதிர்மின் புள்ளியில் வைத்தபோதும் அதே முட்கள் தெரிந்தன. அங்கே இருக்க வேண்டியது பூஜ்யம். அந்தக் கம்பியின் வளையம், அருகில் நடக்கும் மின்னோட்ட மாற்றத்தின் காந்தப்புலத்தை ஏற்றுக் காட்டிய பொய் அது. கிளிப்பைக் கழற்றிவிட்டு, புரோபுடன் வரும் சிறிய சுருள்கம்பியைப் பயன்படுத்தினால் உண்மையான உயரம் தெரியும்.

சோதனையைத் தண்ணீருக்குள்ளேயே செய்ய வேண்டும். காற்றில் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால் கோளாறு வெளிப்படாது. அத்துடன் டி200இன் தாங்கிகள் தண்ணீரால் உயவூட்டப்படுபவை என்பதால் வெறுமனே ஓட்டுவது அவற்றைத் தேய்த்துவிடும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் த்ரஸ்டரை இறுக்கிப் பொருத்தி, கை உள்ளே போகாதபடி வலை மூடிய பிறகே இயக்கவும்.

காலத்தை வைத்துக் காரணத்தை அறிதல்

ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவாக, கட்டுப்படுத்திக்குள் சுவிட்சாக இயங்கும் மாஸ்ஃபெட் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சீராகத் திரும்பத் திரும்ப வரும் முட்கள், மின் கம்பிகளின் தூண்டல் பண்பால் வருபவை. ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால் கம்பி அதை ஏற்காமல் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. அந்த ஆற்றலை ஏற்கக் கட்டுப்படுத்தியின் வாயிலிலேயே கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். 30 மீட்டர் இணைகம்பியின் தூண்டலை ஏறத்தாழ 20 மைக்ரோஹென்றி என்று கொண்டால், 15 ஆம்பியரில் அதில் தேங்கும் ஆற்றல் 2.25 மில்லிஜூல். அது 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குள் பாய்ந்தால் 16 வோல்ட் 16.3 ஆக மட்டுமே உயரும். 22 மைக்ரோஃபாரட் மட்டுமே இருந்தால் 21ஐத் தாண்டும். குறைந்த உள்தடை கொண்ட, 35 வோல்ட் தாங்கும் மின்பகுளி வகைக் கெப்பாசிட்டரைக் கால்களைக் குட்டையாக வெட்டிப் பற்றவைக்கவும். கால்கள் நீண்டால் அவையும் தூண்டலாகிவிடும். பழைய கட்டுப்படுத்தியில் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் வேறு சோதனை தேவையில்லை. அதை மாற்றிவிட்டுத் தொடரலாம்.

பேட்டரியை இணைக்கும் கணத்தில் ஒரே ஒருமுறை தோன்றி, அலையாக அடங்கும் எழுச்சி, வெறுமையான கெப்பாசிட்டர்கள் நீண்ட கம்பி வழியே திடீரென நிரம்புவதால் வருவது. பீங்கான் கெப்பாசிட்டர்கள் மட்டும் இருக்கும் பலகையில் இது மூல மின்னழுத்தத்தின் இருமடங்கை நெருங்கக்கூடும். தீப்பொறி தடுக்கும் இணைப்பான் அல்லது கெப்பாசிட்டர்களை மெல்ல நிரப்பும் முன்மின்னேற்ற மின்தடை ஒன்று போதும்.

மேற்பரப்பிலிருந்து நீண்ட கேபிள் வழியே மின்சாரம் தருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது மூன்றாவது வகை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லி ஓம் தடை கொண்டது. 30 மீட்டர் கேபிளில் போய்வரும் தொலைவுக்கு 0.44 ஓம். 15 ஆம்பியர் ஓடும்போது 6.7 வோல்ட் கேபிளிலேயே போய்விடுகிறது என்பதால், கீழே 16 வோல்ட் கிடைக்கட்டும் என்று மேலே 22.7 வோல்ட்டாக உயர்த்தி வைக்கிறார்கள். த்ரஸ்டர் நின்றதும் அந்த 22.7 வோல்ட் முழுவதும் கீழே வந்து நிற்கும். இது நொடிக்கணக்கில் நீடிப்பதால் எந்தக் கெப்பாசிட்டராலும் அடக்க முடியாது. கம்பியைத் தடிமனாக்க வேண்டும், அல்லது 48 வோல்ட்டில் அனுப்பி ஊர்திக்குள் டி.சி. மாற்றியால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாற்றியே நான்காவது வகைக்கு வாசல் திறந்துவிடுகிறது. பேசிக் இ.எஸ்.சி.யில் இயங்கும் பி.எல்.ஹெலி எஸ் மென்பொருள், வேகம் குறைக்கப்படும்போது மோட்டாரை மின்னியக்கத்தால் தடுத்து நிறுத்துகிறது. அப்போது மோட்டார் ஜெனரேட்டராகி, சுழற்சியின் ஆற்றலை மின்வழிக்கே திருப்பி அனுப்புகிறது. தண்ணீரின் இழுவை சுழலியை விரைவில் நிறுத்திவிடுவதால் ஒரு த்ரஸ்டரிலிருந்து வருவது சிறிதே. ஆனால் ஆறோ எட்டோ ஒரே கணத்தில் வேகம் குறையும்போது, சில மில்லி நொடிகளுக்கு மின்வழி மெல்ல மேலேறுவதைத் திரையில் மேடு போலக் காணலாம். பேட்டரி அதை விழுங்கிக்கொள்ளும், ஆனால் பெரும்பாலான டி.சி. மாற்றிகளாலும் மேசை மின்வழங்கிகளாலும் திரும்பி வரும் மின்னோட்டத்தை ஏற்க முடியாது. மாற்றியின் மிகைமின்னழுத்தக் காப்பு விழித்துக்கொண்டு வெளியீட்டைத் துண்டித்துவிடுவதுதான் ஊர்தி முழுவதும் இருளில் மூழ்குவதற்குக் காரணம். முனை மாற்றிப் பொருத்துவதைத் தடுக்கவென்று பேட்டரிக் கம்பியில் தொடராக டயோடு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான், பேட்டரி இருந்தும் அதற்குத் திரும்பும் வழி அடைபட்டுவிட்டது என்பதால்.

இதற்கு முதல் மருந்து மென்பொருளிலேயே இருக்கிறது. கட்டுப்படுத்திக்கு வேகத்தைச் சொல்லும் துடிப்பை, முழு முன்னோக்கு வேகமான 1900 மைக்ரோ நொடியிலிருந்து முழுப் பின்னோக்கு வேகமான 1100க்கு நேரே தாவவிடாமல், 20 மில்லி நொடிக்கு ஒருமுறை 25 மைக்ரோ நொடி வீதம் குறைத்தால், நிற்கும் நிலையான 1500ஐ அடைய 320 மில்லி நொடி ஆகும். ஓட்டுபவருக்கு இது தடையாகத் தோன்றாது. அது போதாதபோது, மின்வழி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் ஆற்றலை மின்தடைக்குள் கொட்டி வெப்பமாக்கும் பிரேக் சுற்றைச் சேர்க்கலாம்.

டி.வி.எஸ். டயோடு பற்றி

இதைக் கடைசிக் காவலாக மட்டுமே வைக்கலாம். 24 வோல்ட் என்று பெயரில் உள்ள எஸ்.எம்.சி.ஜே.24ஏ, உச்ச மின்னோட்டத்தில் 38.9 வோல்ட்டில்தான் கட்டுப்படுத்தும். அதற்குள் 30 வோல்ட் மாஸ்ஃபெட் இறந்திருக்கும். நான்கு செல் பேட்டரிக்கு 29.2 வோல்ட்டில் கட்டுப்படுத்தும் எஸ்.எம்.பி.ஜே.18ஏ பொருத்தமாக இருக்கும். ஆயினும் நொடிக்கணக்கில் நீடிக்கும் மூன்றாம் வகையில் மின்னழுத்தம் 22 வோல்ட்டைத் தாண்டினால் அந்த டயோடே கருகிவிடும்.

மீண்டும் பொருத்துவதற்கு முன்

ஏற்கெனவே அடிபட்ட கட்டுப்படுத்தி சில நாள் ஓடிவிட்டுப் பிறகு சாகக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டாரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் டயோடு நிலையில் மூன்று மோட்டார் முனைகளையும் நேர்மின், எதிர்மின் கம்பிகளுடன் தனித்தனியே ஒப்பிடவும். மூன்றும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் அந்தப் பக்க மாஸ்ஃபெட் குறுக்குச்சுற்றாகிவிட்டது. தப்பிய கட்டுப்படுத்தியை வேகமான ஃபியூஸ் வழியாக இணைத்து, அதே தொட்டியில், அதே டிரிக்கர் அளவில், முழு நீளக் கேபிளுடன் இருபது முறையாவது திசை மாற்றிப் பார்க்கவும். கேபிளைச் சுருளாக வைக்காமல் விரித்துப் போட்டே இதைச் செய்வது நல்லது. சுருட்டிய கேபிள் அதிக மின்னோட்டத்தில் சூடேறிவிடும்.