ஒரு அடுப்பு, நாலு பத்தியம்

பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுவதற்குள் எங்கள் வீட்டில் டிபன் முடிந்துவிடும். ரிட்டயராகி ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்போது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், இப்போது அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். காலை வேளையை நான் எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பத்தியம். எனக்குச் சர்க்கரை, பதினான்கு வருஷமாக. அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது; பி.பி. இருப்பதால் உப்பைக் குறைக்க வேண்டும், பல்லும் இல்லை. வீட்டம்மாவுக்கு வயிற்றுப் புண். மிளகாய், மிளகு, புளி ஆகாது. பேத்திக்கு ஒன்பது வயது, அவளுக்குச் சீலியாக். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவள் குடலைப் புண்ணாக்கிவிடும். ஒரு துளி மாவு கலந்தாலும் ஆகாது. இதற்கு மேல் நாங்கள் சைவம், முட்டைகூடக் கிடையாது.

முதல் மாதம் நாலு பேருக்கு நாலு டிபன் செய்தேன். எட்டரை மணிக்கு நான் சாப்பிட உட்காரும்போது கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். க்ளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு டிபனைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று டாக்டர் திட்டியபோதுதான் உறைத்தது. சமைக்கிறவன் கடைசியில் சாப்பிடும் வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து, யாருக்கு எது கூடாது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். எழுதிப் பார்த்தால் எல்லாப் பத்தியமும் ஒரே ஜாதி இல்லை. கோதுமை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. உப்பும் காரமும் கடைசியில் சேர்க்கிற சாமான்கள். சேர்ப்பதற்கு முன்னால் அவரவர் பங்கை எடுத்து வைத்துவிட்டால் தீர்ந்தது. என் சர்க்கரைக்குத் தனிச் சமையலே தேவையில்லை, தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் கணக்கு. ஆகவே ஒரே மாவு, ஒரே குக்கர். பிரிப்பது கடைசி ஐந்து நிமிஷத்தில். நான் செய்வதெல்லாம் இதுதான்.

முதலில் கோதுமையை விரட்டுவது

இதுதான் கஷ்டமானது. ரவை, மைதா, சேமியா, சம்பா ரவை எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. இட்லி, தோசை, பொங்கல் என்று அரிசியில்தானே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தோம். மூன்று மாதமாகியும் குழந்தைக்கு வயிற்று உப்புசமும் போக்கும் நிற்கவில்லை. மகள் அழுதே விட்டாள்.

குற்றவாளி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது: பெருங்காய டப்பா. கடையில் கிடைக்கிற பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மாவு சேர்த்துத்தான் கட்டியோ தூளோ ஆக்குகிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் எங்கள் டப்பாவில் மைதா என்று இருந்தது. சாம்பார், ரசம், பொங்கல், துவையல், இட்லிப் பொடி என்று ஒன்று விடாமல் போட்டிருக்கிறோம்! அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. இப்போது அதுதான் வாங்குகிறோம்.

இரண்டாவது மாவு மில். அரிசி நம்முடையதுதான், ஆனால் நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அந்தக் கல்லில்தான் நம் அரிசியும் இறங்குகிறது. மில்காரரிடம் கேட்டேன், "தட்டித்தானே சார் போடுறோம்" என்றார். பொட்டலத்தில் குளூட்டன் இல்லை என்று அச்சடிக்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அதைத் தட்டிச் சரிக்கட்ட முடியாது. தானியமாக வாங்கி, கழுவி, மிக்ஸியிலோ கிரைண்டரிலோ வீட்டிலேயே அரைக்கிறோம்.

ராகி சேமியா என்று எழுதியிருந்தாலும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் கோதுமை மாவும் சேர்ந்திருக்கும். ஓட்ஸ் கோதுமை ஓடுகிற ஆலையிலேயே ஓடுவது சகஜம். நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. சப்பாத்தி போட்ட தோசைக்கல்லும் பூரிக்கட்டையும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன.

பச்சைப்பயறு தோசை

வாரத்தில் இரண்டு நாள் இதுதான். ஆந்திராக்காரர்கள் பெசரட்டு என்பார்கள். புளிக்க வைக்கிற வேலை இல்லை, ராத்திரி ஊறப்போட்டு மறந்துவிடலாம்.

முழுப் பச்சைப்பயறு ஒரு டம்ளர், பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி. அரிசி மொறுமொறுப்புக்குத்தான், எனக்காக இதற்கு மேல் போடுவதில்லை. காலையில் தண்ணீரை வடித்து, இஞ்சி ஒரு துண்டு, சீரகம் ஒரு தேக்கரண்டி சேர்த்து, லேசாகக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருந்தால் கல்லில் நன்றாக இழுக்க வரும். உப்பும் பச்சை மிளகாயும் இதுவரை உள்ளே போகவில்லை, கவனியுங்கள்.

இப்போது மாவைப் பிரிக்கிறேன். அம்மாவுக்கு ஒன்றரைக் கரண்டி, ஒரு சிட்டிகை உப்போடு. வீட்டம்மாவுக்கு உப்பு மட்டும். மிச்சத்தில் உப்பும் நசுக்கிய பச்சை மிளகாயும். அம்மாவின் தோசையைக் கனமாக ஊற்றி, மூடி போட்டு, திருப்பாமல் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும், பல் வேண்டாம். மற்றவர்களுக்கு மெல்லிசாக, ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு முறுகலாக.

ஒரு டம்ளர் பயற்றில் எட்டு ஒன்பது தோசை வரும். எனக்கு இரண்டு. அரிசித் தோசை இரண்டு தின்றால் பதினோரு மணிக்குப் பசிக்கும், இது ஒரு மணி வரை தாங்குகிறது. மாவை மறுநாளுக்கு வைக்காதீர்கள். திருச்சி வெயிலில் மத்தியானமே வாடை வந்துவிடும்.

சாமைப் பொங்கல்

சிறுதானியத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து, சாமையும் வரகும் சர்க்கரைக்கு மருந்து என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் நம்பி, ஒரு நாள் தட்டு நிறையச் சாமைப் பொங்கல் தின்றேன். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 236. சாமையும் மாவுச்சத்துதான் ஐயா. குளூட்டன் கிடையாது, அதனால் பேத்திக்கு அது பெரிய வரம். எனக்கு அது அரிசியைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. அளவு தாண்டினால் எதுவும் ஏற்றிவிடும்.

அதனால் பருப்பைக் கூட்டினேன். சாமை முக்கால் டம்ளர், வாசம் வரும்வரை வறுத்த பாசிப்பருப்பும் முக்கால் டம்ளர், தண்ணீர் நாலரை டம்ளர். சாமையில் குருணிக் கல் இருக்கும், மூன்று தண்ணீர் விட்டு அரித்துப் போடுங்கள். பொடியாக நறுக்கிய இஞ்சி சேர்த்து நாலு விசில். உப்பு இல்லாமல்தான் குக்கரில் வைக்கிறேன்.

மூடியைத் திறந்ததும் அம்மா பங்கும் வீட்டம்மா பங்கும் தனிக் கிண்ணத்துக்குப் போய்விடும். மிச்சத்துக்கு நெய்யில் மிளகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டுவேன். வீட்டம்மாவுக்குச் சீரகமும் கறிவேப்பிலையும் மட்டும், தேங்காயும் பொட்டுக்கடலையும் இஞ்சியும் அரைத்த வெள்ளைச் சட்னியோடு. அம்மா கிண்ணத்தில் வெந்நீர் விட்டு இன்னும் குழைத்து, மிளகைத் தூளாக்கிச் சேர்ப்பேன். பொங்கல் ஆறினால் கல்லாகிவிடும், பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும்.

எனக்குத் தட்டில் முதலில் விழுவது சுரைக்காய்க் கொத்சு. தட்டில் பாதியை அது பிடித்துக்கொண்ட பிறகு, ஒரே ஒரு கரண்டி பொங்கல். வெண்பொங்கலுக்கு இது ஈடாகுமா என்று கேட்காதீர்கள். ஆகாது.

அரிசி உப்புமா

விருந்தாளி வந்தால் இதுதான். யாருக்கும் பத்தியச் சாப்பாடு என்று தோன்றாது.

பச்சரிசி ஒரு டம்ளரைக் கழுவி, துணியில் கால் மணி நேரம் உலர்த்தி, துவரம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டியோடு மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றி ரவையாக உடைக்க வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, அரிசி மாவுப் பெருங்காயம். தண்ணீர் இரண்டேமுக்கால் டம்ளர், துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி. கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, தணலை அடக்கி, மூடி பதினைந்து நிமிஷம். மிளகும் சீரகமும் உடைத்து ரவையோடு சேர்ப்பது வழக்கம். நான் தனியாக வறுத்துத் தூளாக்கி மேஜையில் வைத்துவிடுகிறேன், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

வெண்கல உருளியில் செய்தால் அடியில் பொன்னிறமாக ஒரு காந்தல் பிடிக்கும். பேத்தி அதற்காகவே சீக்கிரம் எழுந்திருப்பாள். எனக்கு இந்த உப்புமா ஒரு கரண்டி, கூடவே முந்தின நாள் ஊறவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம்.

கேழ்வரகு தோசை

மில்லுக்குப் போகாமல் கேழ்வரகு சாப்பிட ஒரு வழி, முழுத் தானியத்தை ஊறவைத்து அரைப்பது. கேழ்வரகு மூன்று டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. எட்டு மணி நேரம் ஊற வேண்டும். உளுந்தை முதலில் பொங்க அரைத்து எடுத்துவிட்டு, கேழ்வரகைத் தனியாக நெடுநேரம் அரையுங்கள், அவசரப்பட்டால் நாக்கில் தோல் தட்டும். வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்தில் புளித்துவிடும். இட்லியாக ஊற்றினால் அம்மாவுக்கு. முருங்கைக்கீரையைத் தூவித் தோசையாக வார்த்தால் மற்றவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கீரை வாங்கி, உருவி, துணியில் சுற்றி வைத்தால் புதன் வரை வரும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. குடல் புண்ணாகி உடம்பு தேறாமல் இருந்த குழந்தைக்கு இது வேண்டும் என்று டாக்டரே சொன்னார்.

அம்மாவின் உப்புச் சிமிழ்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாயும் அப்பளமும் இருக்கிற வீட்டில் அது மத்தியானத்துக்குள்ளேயே தாண்டிவிடும். அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக்காரம் வேறு, அதிலும் சோடியம்தான்.

நான் கண்டுபிடித்த வழி ஒரு பழைய குங்குமச் சிமிழ். காலையில் அதில் முக்கால் தேக்கரண்டி உப்பு. அம்மாவின் அன்றைய சமையல் மூன்று வேளைக்கும் அதிலிருந்துதான். ராத்திரி மிச்சம் இருந்தால், "பாத்தியாடா, மிச்சம் புடிச்சிருக்கேன்" என்று சிமிழைக் காட்டுவாள்.

சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று விற்கிறார்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பி.பி. மாத்திரைகளில் சிலவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கும் அது வினையாக முடியும்; டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

"சப்புன்னு இருக்குடா" என்பது அம்மாவின் நித்தியப் புகார். கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி, கொட்டைப்பாக்களவு புளி. எல்லாவற்றையும் வறுத்து, உப்பே போடாமல் நைஸாகப் பொடித்து, நல்லெண்ணெயில் குழைத்துக் கொடுக்கிறேன். இல்லாவிட்டால் கடைசியில் எலுமிச்சம்பழம் நாலு சொட்டு. புளிப்பு ஏறினால் உப்புக் குறைச்சல் பாதி மறந்துபோகிறது.

வெளியூர் போகும்போது

ஹோட்டல் தோசையைப் பேத்திக்கு வாங்குவதில்லை. நிறத்துக்கும் முறுகலுக்கும் சில இடங்களில் மாவில் ரவையோ மைதாவோ கலக்கிறார்கள். ரவா தோசை வார்த்த கல்லிலேயே அடுத்த தோசையும் விழும். கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள். அந்தப் பையன் பொய் சொல்கிறான் என்று சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு ரயில் ஏறுவதானால் முந்தின இரவு புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, வேகவைத்துப் பிழிந்த சேவையில் எலுமிச்சை கலந்து அவளுக்கு ஒரு டப்பா. இட்லி என்றால் எங்கள் வீட்டுப் பொடி தடவியது. பந்தியில் எல்லோருடனும் உட்கார்ந்து இலையை விரித்து, டப்பாவில் இருப்பதை அதில் வைத்துச் சாப்பிடுவாள். போன முகூர்த்தத்தில் பக்கத்து இலைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அது எந்த வரிசையில பரிமாறுறாங்க பாப்பா?" என்று கேட்டார்.