பாலியல் வன்முறைக்கு உள்ளானவரைப் பரிசோதிக்கும் முறை: பணி மருத்துவர்களுக்கு

எஃப்.ஐ.ஆர். இல்லை, போலீஸ் கடிதம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். பி.என்.எஸ்.எஸ். (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 397-ஆம் பிரிவின்படி அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். காவல்துறைக்கும் தகவல் சொல்ல வேண்டும். சிகிச்சையை மறுத்தால் பி.என்.எஸ். (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) 200-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. புகார் கொடுக்க அவருக்கு விருப்பமில்லை என்றால் ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) பதிவிலும் போலீசுக்குப் போகும் தகவலிலும் அதை அப்படியே எழுதிவிடுங்கள். ரத்தப்போக்கோ மயக்கமோ இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அழுதுகொண்டு வருபவரிடம் தண்ணீர் கொடுத்து, பாத்ரூம் போய் முகம் கழுவிவிட்டு வரச் சொல்லத் தோன்றும். அந்தப் பரிவாலேயே பாதித் தடயம் போய்விடும். வாய்வழி வன்முறை நடந்திருந்தால் முதலில் வாயில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் ஒற்றி எடுக்கும் மாதிரி) எடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். சிறுநீர் கழித்தே ஆக வேண்டும் என்றால் அதைப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். மயக்க மருந்து கொடுக்கப்பட்டதா என்று பார்க்கவும் கர்ப்பப் பரிசோதனைக்கும் அது பயன்படும்.

அறைக்குள் போலீசார் இருக்கக் கூடாது. பரிசோதனை, தடயச் சேகரிப்பு, சிகிச்சை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். 12 வயது நிரம்பியவர் தாமே சம்மதம் தரலாம். அதற்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர். ஒன்றுக்கு ஒப்புக்கொண்டு இன்னொன்றை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். சிறுமி நம்பும் ஒருவர் உடன் இருக்க வேண்டும். தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் குறியுங்கள், சட்டம் கேட்கிறது. நடந்ததை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். குளித்தாரா, உடை மாற்றினாரா, மாதவிலக்கா, ஆணுறை பயன்படுத்தப்பட்டதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். பின்னால் ஆய்வக முடிவு எதுவும் காட்டாமல் போனால் அதற்கு விளக்கம் அங்கேதான் இருக்கும்.

சம்பவம் நடந்து 96 மணி நேரம் வரை ஸ்வாப் எடுக்கலாம்; 72 மணி நேரத்துக்குப் பிறகு விந்தணு கிடைக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. தரையில் இரண்டு பெரிய தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, மேல்தாளில் நின்றபடி உடையைக் கழற்றச் சொல்லுங்கள். மண், முடி, நூலிழை எல்லாம் அதில் விழும். அந்தத் தாளை அப்படியே மடித்து உறையில் போடுங்கள். ஒவ்வொரு துணிக்கும் தனிக் காகிதப் பை. பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

அதிகம் கெடுவது ஸ்வாப்தான். தோலில் காய்ந்த கறை இருந்தால் ஸ்வாப்பை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்து எடுங்கள். பிறப்புறுப்பில் முதலில் வெளிப்புறம், பிறகு உள்ளே. இடத்துக்கு இரண்டு ஸ்வாப். ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்கும் கருவி) வைக்க நேர்ந்தால் ஜெல்லி தடவாமல் நார்மல் சலைன் போதும். பருவமடையாத சிறுமிக்கு ஸ்பெகுலம் கூடாது. உள்காயம் பார்க்க வேண்டுமென்றால் மயக்க மருந்து கொடுத்துப் பாருங்கள். எடுத்த ஸ்வாப்பை வெயிலிலோ ஹீட்டர் முன்போ வைக்காமல் நிழலில் காயவைத்த பிறகே உறையிலிடுங்கள். அவசரத்தில் ஈரத்தோடு சீல் வைத்து அனுப்பினால், அது ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும். உறைமேல் பெயர், எடுத்த இடம், தேதி, நேரம், கையொப்பம் இருக்கட்டும். போலீசிடம் ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள். டி.என்.ஏ.வுக்கான ரத்தம், உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. குழாயில். மது பார்க்க எடுக்கும் ரத்தம் சோடியம் ஃபுளோரைடு குழாயில். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள்.

பிறப்புறுப்புக்குள் விரல்களை நுழைத்துப் பார்க்கும் இரு விரல் சோதனை கூடவே கூடாது. அதைச் செய்பவர் பணி ஒழுங்கீனம் செய்தவர் ஆவார் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்" என்ற வரி அறிக்கையில் வரக் கூடாது. அந்த ஒரு வரி நீதிமன்றத்தில் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

மருந்துகளை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு, கர்ப்பம் தடுக்கும் அவசர மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரே வேளையாகக் கொடுங்கள். 72 மணி நேரத்துக்குள் என்றால் நல்ல பலன் தரும். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுங்கள். எச்.ஐ.வி. தடுப்புக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு மாத்திரை தினம் ஒன்று, 28 நாள். முதல் மாத்திரையை ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் அங்கேயே விழுங்கச் செய்யுங்கள். 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் போடுங்கள். பால்வினைத் தொற்றுக்கான மருந்தையும் அன்றே தொடங்குங்கள்.

கருத்து எழுதும் இடத்தில் "காயம் இல்லை, எனவே வன்புணர்வு நடக்கவில்லை" என்று எழுத மருத்துவருக்கு இடமில்லை. பயத்தில் உறைந்துபோனவருக்கும், மயக்க மருந்து கொடுக்கப்பட்டவருக்கும், மிரட்டலுக்குப் பணிந்தவருக்கும் காயம் இல்லாமல் போகலாம். காயம் காணப்படவில்லை, ஆனால் அதை மட்டும் வைத்துப் பாலியல் வன்முறை நடக்கவில்லை என்று கூற இயலாது என்று காரணத்தோடு எழுதுங்கள். இது முதற்கட்டக் கருத்துதான். இறுதிக் கருத்து தடயவியல் ஆய்வக அறிக்கை வந்த பிறகு. பரிசோதனை அறிக்கை 7 நாளுக்குள் விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும்.

கன்றிப்போன காயம் சில சமயம் இரண்டு நாள் கழித்தே தெரியும். அதனால் 48 மணி நேரத்தில் மறுபடி வரச் சொல்லி, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையை 6 வாரத்திலும் 3 மாதத்திலும் திரும்பச் செய்ய வேண்டும். கர்ப்பம் உறுதியானால் 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் அனுமதிக்கிறது; 20 வாரம் தாண்டினால் இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். கலைத்த கருவின் திசுவை ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டால் டி.என்.ஏ. கெட்டுவிடும், நார்மல் சலைனில் போட்டு ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். அறிக்கையின் நகலைப் பாதிக்கப்பட்டவர் கையில் இலவசமாகக் கொடுங்கள். கூடவே 181 உதவி எண்ணையும் அடுத்து வர வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுங்கள்.