பனிக்காலத்துக்குக் காரை நிறுத்தும்போது பெற்றோலில் விடும் பிழைகள்

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை. என்னுடைய பழைய மொறிஸ் மைனர் கார் எவ்வளவு முறுக்கியும் ஸ்ராட் ஆகவில்லை. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரில், பெற்றோல் வந்து நிற்கும் சின்னக் கிண்ணத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சொட்டுப் பெற்றோல் இல்லை. அடியில் முருங்கைப் பிசின் மாதிரி, மண்ணிறத்தில், பளபளவென்று ஒரு படை. விரலால் வழித்தேன், வரவில்லை. நகம் போட்டுச் சுரண்டினால் மெல்லிய தகடாகப் பெயர்ந்தது. பழைய வார்னிஷ் டின்னைத் திறந்த மணம்.

நவம்பரில் நன்றாக ஓடி வந்து நின்ற கார் அது. ரொறன்ரோக் குளிர்தான் பெற்றோலைக் கெடுத்துவிட்டது என்று அன்றைக்கு முழுக்க நம்பினேன். அது பிழையான எண்ணம். பனிக்காலத்துக்குக் கார் நிறுத்தும் பலரிடம் இப்போதும் அந்த எண்ணம் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். குளிர் மட்டும் பெற்றோலைக் கெடுக்காது. இரசாயன மாற்றங்கள் சூட்டில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் நடக்கும். 10 பாகை குறைந்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. சூடேற்றிய நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிற்கும் காரின் பெற்றோலைவிட, குளிர்ந்த கராஜில் நிற்கும் காரின் பெற்றோல் மெதுவாகத்தான் பழுதாகும். என் காருக்கு நடந்த கேடு ஒக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. ஓகஸ்டில் அடித்த பெற்றோலைக் கால் தாங்கியில் அப்படியே விட்டு, மூடிப் போர்த்துவிட்டுப் போனவன் நான்தான்.

பெற்றோல் கெடும் என்பதையே எங்கள் ஆட்கள் பலர் நம்புவதில்லை. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் காபரேற்றரில் துளிப் பெற்றோல் விடுவார்கள். அந்தத் துளிக்காக ஒரு போத்தல் பெற்றோலை இறுக மூடி மாதக்கணக்கில் பொத்திப் பொத்தி வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. "அந்தப் பெற்றோல் கெடேல்லைத்தானே, அண்ணை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது காற்றுப் போகாத கண்ணாடிப் போத்தல், அதில் எத்தனோல் என்ற அற்ககோலும் இல்லை. இங்கே பம்பில் வருவது வேறு சாமான்.

பெற்றோல் என்பது ஒரே பொருள் இல்லை, நூற்றுக்கணக்கான ஐதரோகாபன்களின் கலவை. அதில் இலேசானவைதான் முதலில் ஆவியாகும். எஞ்சின் குளிரில் உடனே பற்றுவதும் அவற்றால்தான். அவை போய்விட்டால் மிஞ்சுவது சோம்பலாக எரியும். இன்னொரு பக்கம் காற்றிலுள்ள ஒட்சிசன் சில பகுதிகளோடு சேர்ந்து பிசினாக மாறும். நான் நகத்தால் சுரண்டியது அதைத்தான். மூன்றாவது, எத்தனோல். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2020 முதல் சாதாரண பெற்றோலில் சராசரியாக 10 வீதம் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2025 முதல் அது 11 வீதம். பெரும்பாலும் அது எத்தனோல்தான். எத்தனோல் தண்ணீரைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்ளும்.

கொஞ்சம் தண்ணீர் என்றால் கெடுதல் இல்லை, பெற்றோலோடு கலந்தே எரிந்துவிடும். அளவு மீறினால்தான் சிக்கல். 10 வீத எத்தனோல் கலந்த பெற்றோல் 15 பாகையில் ஏறத்தாழ அரை வீதம் தண்ணீரைத் தாங்கும். மொறிஸ் மைனரின் தாங்கி 30 லீற்றர் வரும். அதில் அரை வீதம் என்றால் 150 மில்லி, ஒரு தேத்தண்ணிக் கோப்பை. குளிர் கூடக் கூட இந்த அளவு இன்னும் குறையும். கரைந்திருந்த தண்ணீர் அப்போது எத்தனோலையும் கூட்டிக்கொண்டு பிரிந்து அடியில் போய்த் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? எஞ்சினுக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்க் கலவை. மேலே மிஞ்சும் பெற்றோலுக்கும் ஒக்ரேன், அதாவது எஞ்சினுக்குள் தட்டாமல் எரியும் தன்மை, குறைந்திருக்கும். இப்படிப் பிரிந்த பிறகு எந்த மருந்து ஊற்றினாலும் பழையபடி சேராது. வெளியே எடுக்கத்தான் வேண்டும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கடந்த 25, 30 வருடங்களுக்குள் வந்த கார்களின் தாங்கி நன்றாக மூடியிருக்கும். பெற்றோல் ஆவியைப் பிடித்து வைக்கக் கரி நிரப்பிய ஒரு டப்பாவும் உண்டு. அப்படிப்பட்ட காரை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புதுப் பெற்றோலோடு நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பழைய கார்களில் தாங்கி வெளிக்காற்றை நேரே சுவாசிக்கும். பகலில் சூடேற ஆவி வெளியே போகும், இரவில் குளிர ஈரக்காற்று உள்ளே வரும். காபரேற்றர் வைத்த கார், படகு, புல் வெட்டும் மெசின் வைத்திருப்பவர்கள்தான் மெய்யாகக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு அடிப்பது?

பாதித் தாங்கியோடு நிறுத்துவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. காலியிடம் எவ்வளவு பெரிதோ, உள்ளே வந்துபோகும் காற்றும் ஈரமும் அவ்வளவு கூட. இரும்புத் தாங்கி என்றால் அந்த வெற்றுச் சுவரில் துருவும் பிடிக்கும். ஆகவே நிறுத்தும் கிழமையிலேயே, பழையதை ஓடித் தீர்த்துவிட்டு, புதுப் பெற்றோல் அடியுங்கள். பம்ப் "டக்" என்று தானாக நின்றதும் போதும்.

அதற்கு மேலும் கழுத்து வரை நிரப்புவது எதிர்ப்பக்கத்துப் பிழை. பெற்றோல் 10 பாகை சூட்டுக்கு ஏறத்தாழ ஒரு வீதம் பெருக்கும். மறை 10 பாகையில் (பூச்சியத்துக்குக் கீழே 10) கிடந்த 50 லீற்றர், மே மாத வெயிலில் 25 பாகைக்கு வரும்போது ஒன்றரை லீற்றருக்கு மேல் கூடிவிடும். அதற்கு இடம் வேண்டாமா? புதிய கார்களில் அந்த மிச்சம் கரி டப்பாவுக்குள் போனால் டப்பாவே பழுது, மாற்றுவதற்கு நல்ல செலவு.

விலை கூடிய பிறீமியம் அடித்தால் நாள்பட இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒக்ரேன் எண்ணுக்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை. எத்தனோல் இல்லாத பெற்றோல் கிடைத்தால் அதை அடிப்பது நல்லதுதான். அதற்குப் பம்பில் ஒட்டியிருக்கும் லேபலை வாசிக்க வேண்டும், விலையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

ஸ்ரெபிலைசரைக் கடைசியில் ஊற்றுவது

ஸ்ரெபிலைசர் என்பது பெற்றோல் கெடாமல் காக்க ஊற்றும் மருந்து. கனேடியன் ரயர் கடையில் தட்டு நிறைய அந்தப் போத்தல்கள் இருக்கின்றன. வாங்குகிறோம், கார் கராஜில் ஏறி நின்ற பிறகு தாங்கிக்குள் ஊற்றுகிறோம், மூடுகிறோம். மருந்து தாங்கியில் மட்டும் நிற்கிறது. குழாய்களிலும், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரிலும் காபரேற்றரிலும் பழைய பெற்றோல் அப்படியே கிடக்கிறது. பிசின் முதலில் பிடிப்பதும் அந்தச் சின்னத் துளைகளில்தான். என் காரின் இரண்டாவது பனிக்காலத்தில் நான் செய்த பிழை இது. தாங்கிப் பெற்றோல் நன்றாக இருந்தது, காபரேற்றரில் மறுபடியும் பிசின்.

செய்ய வேண்டியது இதுதான். காஸ் ஸ்ரேசனுக்குப் போகும்போதே போத்தலைக் கொண்டுபோங்கள். முதலில் மருந்தை ஊற்றி, அதன் மேல் பெற்றோல் அடித்தால் தானாகக் கலந்துவிடும். பிறகு நேரே வீட்டுக்கு வராமல் 15 நிமிடமாவது ஓடுங்கள். அளவு போத்தலில் எழுதியிருக்கும், கம்பனிக்குக் கம்பனி மாறும். ஸ்ராபில் என்ற பெயரில் வரும் சிவப்புப் போத்தலுக்கு 30 மில்லி ஏறத்தாழ ஒன்பதரை லீற்றருக்குக் காணும். என் 30 லீற்றர் தாங்கிக்கு 95 மில்லி, அவ்வளவுதான். இன்னொன்று, இந்த மருந்து கெடாமல் காக்குமே தவிர, கெட்டதைத் திருத்தாது. மூன்று மாதம் பழைய பெற்றோலில் ஊற்றினால் காசுதான் போகும்.

பக்கத்துத் தட்டிலேயே காஸ் லைன் அன்ரிஃபிறீஸ் என்று மஞ்சளும் சிவப்புமாகப் போத்தல்கள் இருக்கும். அதை ஸ்ரெபிலைசர் என்று நினைத்து வாங்காதீர்கள். அது குழாயில் தங்கிய தண்ணீர் உறையாமல் பார்க்கும் அற்ககோல். எத்தனோல் கலந்த பெற்றோலுக்கு அது தேவையே இல்லை. அதிலும் மெதனோல் வகை பழைய கார்களின் றப்பர் குழாய்களுக்குக் கூடாது.

"கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணி விடுறனான்"

இதை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! அன்பினால் செய்கிற காரியம்தான். ஆனால் ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிட இது கூடாதது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 900 மில்லி தண்ணீர் உண்டாகிறது. ஓடும் காரில் அது ஆவியாகப் புகைக்குழாயால் வெளியேறும். மறை 15 பாகையில் பத்து நிமிடம் மட்டும் ஓடி நின்றால், அந்த ஈரம் புகைக்குழாயிலும் எஞ்சின் ஒயிலுக்குள்ளும் தங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் அளவுக்கு அதிகமாகவே போகும். எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியாக வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கும். பற்றறியும் ஸ்ராட் பண்ணச் செலவழித்ததைப் பத்து நிமிடத்தில் திரும்பப் பெறாது. நல்ல பற்றறிச் சார்ஜர் ஒன்றைக் கொழுவி விட்டு, எஞ்சினைத் தூங்க விடுங்கள். ஓட்டத்தான் வேண்டுமென்றால் உப்பில்லாத காய்ந்த வீதியில் அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

அப்புறம், பூட்டிய கராஜில் ஒருபோதும் எஞ்சினை ஓட விடாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜுக்கு மேலே படுக்கையறை இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் உறங்குகிறார்கள்.

பெற்றோலைக் கானில் எடுத்து பேஸ்மென்ற்றில் வைப்பதும் அதே மாதிரி ஆபத்து. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. நிலத்தோடு நிலமாகத் தவழ்ந்து சுடுதண்ணி ஹீற்றரின் சின்னத் தீ வரைக்கும் போய்விடும்.

டீசல் கார் என்றால் கதை வேறு. அங்கே குளிரே நேரடிப் பிரச்சினை. செப்டெம்பரில் அடித்த கோடைகால டீசலில் ஜனவரிக் குளிரில் மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். பனிக்கால டீசல் வரத் தொடங்கிய பிறகே நிரப்பி நிறுத்த வேண்டும்.

ஏப்ரலில் திறக்கும்போது

மூடியைத் திறந்து முதலில் மணந்து பாருங்கள். நல்ல பெற்றோலின் மணம் மூக்கில் சுள்ளென்று ஏறும். புளித்த மணமோ வார்னிஷ் மணமோ வந்தால் ஸ்ராட் பண்ண வேண்டாம். சந்தேகம் இருந்தால் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, சில நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். தெளிந்த இளமஞ்சளாக இருந்தால் சரி. சாயம் கூடிய தேத்தண்ணி நிறம் என்றாலோ, அடியில் வேறொரு படை பிரிந்து நின்றாலோ, அது எஞ்சினுக்குள் போகக்கூடாது. லேசாகப் பழையது என்று பட்டால் மட்டும் புதுப் பெற்றோல் கலந்து ஓடித் தீர்க்கலாம்.

நவம்பரில் பம்பில் வருவது பனிக்காலக் கலவை. குளிரில் பற்றுவதற்காகச் சீக்கிரம் ஆவியாகும் பகுதிகள் அதில் கூட. காபரேற்றர்க் கார்களில் மே மாதச் சூட்டில் அது குழாயிலேயே ஆவியாகி எஞ்சினை நிறுத்திவிடலாம். அதனால் முதல் சூடான நாட்களுக்கு முன்னரே கொஞ்சம் ஓடி, குறைந்த இடத்துக்குப் புதியதை அடித்துவிடுவேன்.

வெளியே எடுத்த பழைய பெற்றோலை வடிகாலுக்குள்ளோ, வளவில் மிஞ்சிய பனிக்குள்ளோ ஊற்றாதீர்கள். பெற்றோலுக்கென்றே வரும் சிவப்புக் கானில் இறுக மூடி, நகரசபையின் வீட்டு அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்கலாம். என் முதல் வருடத்துப் பெற்றோல், கால் தாங்கிதான், அங்கேதான் போனது. காபரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்ட இரண்டு வார இறுதிகள் எடுத்தன.