பால் பைத்தான் எந்த மார்ஃப் என்று கண்டறிவது எப்படி?

பால் பைத்தான் (ball python) என்பது வீடுகளில் வளர்க்கப்படும் ஒரு மலைப்பாம்பு வகை. மரபணு மாற்றத்தால் அதில் உண்டாகும் தனித்த நிற, வடிவத் தோற்றத்தையே மார்ஃப் என்பார்கள். ஒரு பால் பைத்தானின் மார்ஃபைச் சொல்ல விரும்புகிறவர், எந்த மரபணு மாற்றமும் இல்லாத சாதாரணப் பாம்பு எப்படி இருக்கும் என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகும் இப்பாம்பின் முதுகு கருப்பும் அடர்பழுப்புமாக இருக்கும். விலாவில் உள்ள இளம்பழுப்புத் திட்டுகள் பலவற்றில் இரண்டு கரும்புள்ளிகள் கண்களைப் போல் அமைந்திருப்பதால், அவற்றை வேற்றுக்கிரகவாசியின் முகம் என்று வளர்ப்போர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இந்த முகங்கள் எங்கே சிதைகின்றன, எங்கே ஒரே புள்ளியாகின்றன என்று பார்ப்பதுதான் அடையாளம் காணும் வேலையில் பாதி.

மார்ஃப்களை உண்டாக்கும் மரபணுக்கள் மூன்று விதமாகக் கடத்தப்படுகின்றன. மார்ஃபின் பெயராலேயே மரபணுவையும் அழைப்பது வழக்கம். அல்பினோ, பைபால்ட் (வெள்ளைத் திட்டுகள் கொண்டது), கிளவுன், அக்ஸாந்திக் (மஞ்சள் நிறமி இல்லாதது) ஆகியவை ஒடுங்கு மரபணுக்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். ஒரே பிரதியைச் சுமக்கும் பாம்பு சாதாரணமாகவே காட்சியளிக்கும். அதற்குத்தான் ‘ஹெட்’ என்று பெயர். பாஸ்டல், மொஹாவி, யெல்லோ பெல்லி போன்றவை ஒரு பிரதியிலேயே தெரியும். இரண்டு பிரதிகள் சேர்ந்தால் ‘சூப்பர்’ என்ற வேறொரு தோற்றம் உண்டாகும். வளர்ப்போர் இவற்றைக் கோ-டாமினன்ட் என்று சொன்னாலும், முழுமைபெறா ஓங்குத்தன்மை என்பதே சரியான பெயர். பின்ஸ்ட்ரைப் போன்ற ஓங்கு மரபணுக்களில், ஒரு பிரதிக்கும் இரண்டு பிரதிகளுக்கும் தோற்றத்தில் வேறுபாடு தெரிவதில்லை.

பாம்பு சட்டை உரித்த மறுநாள், பகல் வெளிச்சத்தில், சாளரத்தின் அருகே வைத்துப் பார்ப்பது நல்லது. சிவப்பு விளக்கின் கீழ் எந்தப் பாம்பும் பனானா என்ற மஞ்சள் நிற மார்ஃப் போலத் தோன்றும். தலையின் மேற்புறம், கண், ஒரு பக்க விலா, வயிறு ஆகிய நான்கையும் தனித்தனியே படமெடுத்துத் தேதியிட்டு வைக்கவும். ஏனெனில் நிறம் வயதோடு மாறும். குஞ்சில் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும் பாஸ்டல் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும். பனானாவிலோ குஞ்சில் இல்லாத கரும்புள்ளிகள் பின்னர் தோன்றிப் பெருகும்.

பெரும்பாலோர் முதுகைப் பார்த்துவிட்டு வயிற்றை விட்டுவிடுகிறார்கள். பாம்பை முன்கையில் படர விட்டு, வயிற்றுச் செதில்கள் விலாச் செதில்களைச் சந்திக்கும் ஓரத்தைப் பாருங்கள். அங்கே மஞ்சளும் கருமையும் மாறி மாறிக் கட்டம் போட்டதுபோல் வந்து, விலாத் திட்டுகளின் அடிப்பகுதி தீநாக்குபோல் வெளிறி மேலேறினால், யெல்லோ பெல்லி இருக்கக்கூடும். நான் வெறும் பாஸ்டல் என்று வாங்கிய ஆண்பாம்பின் ஓரத்தில் இந்தக் கட்டங்கள் இருந்தும் நான் கவனிக்கவில்லை. அது யெல்லோ பெல்லிப் பெண்ணோடு இணைந்து வந்த முட்டைகளில் ஒன்றிலிருந்து, முதுகில் மங்கிய மஞ்சள் கோடு மட்டும் உள்ள வெண்ணிறக் குஞ்சு தலைநீட்டியபோதுதான் விளங்கியது. ஐவரி எனப்படும் அக்குஞ்சு உண்டாக இரு பெற்றோரிடமும் அந்த மரபணு இருந்தாக வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தலை வெளிறி, உதட்டோரம் வெண்மையாகி, கண் பச்சை கலந்திருந்தால் பாஸ்டல். விலா முகங்களில் இரண்டு கண்களுக்குப் பதில் ஒற்றைப் புள்ளி சாவித்துவாரம் போல் நின்றால் மொஹாவி. முதுகில் நீண்ட கருங்கோடும் கண்ணுக்குக் கீழே கண்ணீர்த்துளி போன்ற குறியும் இருந்தால் கிளவுன். மெல்லிய வலைக்கோடுகள் கொண்ட ஸ்பைடரை நடையிலேயே கண்டுகொள்ளலாம். உட்காதின் குறைபாட்டால் அதன் தலை ஆடும், சாயும். அந்த மரபணுவோடு பிரிக்க முடியாமல் வரும் கோளாறு என்பதால், அதை இனப்பெருக்கம் செய்யாமல் விடுவதே நேர்மை என்பது என் கருத்து.

மொஹாவி, லெஸ்ஸர், பட்டர், ருஸ்ஸோ, ஃபேன்டம், மிஸ்டிக் ஆகியவை ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள். ஒரு பாம்புக்கு அந்த இடத்தில் இரண்டு பிரதிகள்தான் உண்டு. ஆகவே இவற்றில் மூன்று ஒரே பாம்பில் இருப்பதாக ஒரு விளம்பரம் சொன்னால், விலையைக் கேட்கவே வேண்டாம். இரண்டு லெஸ்ஸர் பிரதிகள் சேர்ந்தால் நீலக்கண் கொண்ட வெள்ளைப் பாம்பு கிடைக்கும். இரண்டு மொஹாவி சேர்ந்தால் தலையில் சாம்பல் நிறம் தங்கும். முழு வெள்ளையாகிவிட்ட பாம்பின் உடலில் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல இயலாது.

இதற்கு நேர்மாறாக, ஒரே தோற்றம் வெவ்வேறு மரபணுக்களால் வருவதும் உண்டு. விபிஐ வழி அக்ஸாந்திக்கையும் டிஎஸ்கே வழி அக்ஸாந்திக்கையும் (இவை வளர்ப்பாளர்களின் பெயரால் வழங்கும் மரபுவழிகள்) பார்வையால் பிரிப்பது கடினம். ஆனால் இரண்டையும் இணைத்தால் சாதாரணத் தோற்றமுள்ள குஞ்சுகளே பிறக்கும். எனவே வாங்கும்போது எந்த வழி என்று எழுதி வாங்குவது அவசியம். பனானாவில் பெற்றோரின் விவரம் இன்னும் முக்கியமாகிறது, அது பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் இருப்பதால். தாயிடமிருந்து அதைப் பெற்ற ஆண்பாம்பின் பனானாக் குஞ்சுகளில் பெரும்பாலானவை பெண்களாகவும், தந்தையிடமிருந்து பெற்றதன் பனானாக் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஆண்களாகவும் இருக்கும்.

ஹெட்டைப் பொறுத்தவரை கண்ணை நம்ப வேண்டாம். ஹெட் பைபால்டின் வயிற்றில் இரு கருங்கோடுகள் தெரியும் என்பார்கள். அவை இல்லாத ஹெட்டும் உண்டு, அவை உள்ள சாதாரணப் பாம்பும் உண்டு. இரண்டு ஹெட் பாம்புகளை இணைத்தால் நான்கில் ஒன்றில் பண்பு வெளிப்படும். மீதி சாதாரணமாகத் தோன்றும் குஞ்சு ஒவ்வொன்றும் ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. ‘66 சதவீத ஹெட்’ என்று விற்கப்படுவது இந்த வாய்ப்புக் கணக்கே.

ஐயம் நீடித்தால் உரித்த சட்டையைச் சோதிக்கலாம். வளர்ப்போர் அனுப்பிய சட்டைகளைக் கொண்டுதான் அல்பினோ, லாவெண்டர் அல்பினோ, அல்ட்ராமெல் ஆகிய மார்ஃப்களுக்குக் காரணமான மூன்று மரபணுக்களை அமெரிக்க ஆய்வாளர்கள் 2022இல் அடையாளம் காட்டினார்கள். இன்று அங்குள்ள தனியார் ஆய்வகங்கள் பல ஒடுங்கு மரபணுக்களைக் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகின்றன. சட்டையை அன்றே எடுத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, பாம்பின் எண்ணை எழுதிய காகித உறையில் போடவும். இரண்டு பாம்புகள் ஒரே பெட்டியில் இருந்திருந்தால் அந்தச் சட்டையை அனுப்பிப் பயனில்லை.