மூன்று மாதம் அசையாத எடை குறைந்தது இப்படித்தான்

வாரம் 3 நாள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஒரு நாளும் தவறவிட்டதில்லை, ஆனாலும் மூன்று மாதமாக உடல் எடையும் குறையவில்லை, நான் தூக்கும் எடையும் கூடவில்லை. பயிற்சியை இன்னும் கடுமையாக்கலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். ஒரு வாரம் சாப்பிடுவதை எல்லாம், சும்மா கொறித்தது உட்பட, எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

எழுதிய பிறகுதான் தெரிந்தது. காலையில் புரதம் கிட்டத்தட்ட இல்லை, மதியம் கொஞ்சம், அதனால் மாலைப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் அகோரப் பசி, கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டிருக்கிறேன். எண்ணெயைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 1 கிராம் கொழுப்பில் 9 கலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4தான்.

சரி, சாப்பாட்டில் மாற்றியது இரண்டே விஷயம். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் என்று வைத்து மூன்று வேளைக்கும் பிரித்தோம் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது). பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு சிறிதளவு சாப்பிட ஆரம்பித்தேன். அப்புறம் ஸ்குவாட்டில் (எடையைச் சுமந்தபடி உட்கார்ந்து எழும் பயிற்சி) தூக்கும் எடையைக் குறிப்பேட்டில் எழுதி, 10 முறை முதுகு வளையாமல் செய்ய முடிந்தால் மட்டும் அடுத்த வாரம் 2.5 கிலோ ஏற்றினோம்.

ஐந்தாவது வாரத்தில் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போனது. எடை பார்க்கும் மெஷினில் மாற்றம் தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது, அதனால் இடுப்பளவையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.